பின்வாசல் இல்லாத கப்பல்

அப்பு,

உடம்பு எப்படி இருக்கிறது, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, மெட்ராஸில் மழை உண்டா என்பதையெல்லாம் உன் அப்பா தனியாக எழுதிவிடுவார். தபால் ஆபீசில் முப்பது வருஷம் இருந்த மனுஷன், தன் கடிதத்தில் அதைத் தவிர வேறொன்றும் எழுத மாட்டார். மற்றதெல்லாம் எப்போதுமே என் பங்கு. கோயிலில் உன் முதல் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தாகிவிட்டது. உன் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் சாமியார் சேர்த்துச் சொன்னபோது உன் அப்பா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தேன். இன்னும் இரண்டு ஞாயிறு போனால் கல்யாணம். அதற்குள் இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் சமையலைக்கூடச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீளமான கடிதம். நடுவில் நிறுத்தி, அம்மா வழக்கம்போலப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள் என்று மடித்து வைத்துவிடாதே. இதில் நீ அடிபட்ட ஒரு நாளும் வருகிறது. அதற்கான காரணத்தை நான் உனக்கு இதுவரை சரியாகச் சொன்னதில்லை.

நீ ஈஸ்டருக்கு வந்திருந்தபோது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உனக்கு ஏழு வயதில் காய்ச்சல் கண்டு நினைவில்லாமல் கிடந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது உன் அப்பாவுக்கு வடமதுரையில் வேலை. நீயும் அவரோடு அங்கே இருந்தாய், நான் இங்கே பள்ளிக்கூடத்தில் இருந்தேன். உச்சி வெயிலில் உன்னைச் சைக்கிளில் முன்னால் வைத்து, துண்டால் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டி, திண்டுக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் மிதித்து வந்ததாக அவர் சொன்னார். நீ சிரித்தாய். "இல்லப்பா, பஸ்ல வந்தோம்" என்றாய். அவர் இல்லை என்றார். நீ எழுந்து போய், பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, உன் மூன்றாம் வகுப்புக் கட்டுரை நோட்டைத் தேடி எடுத்து வந்தாய். 'எனக்குக் காய்ச்சல் வந்த நாள்' என்று தலைப்பு. 'நானும் அப்பாவும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குச் சென்றோம்' என்று உன் குண்டு எழுத்தில் இருந்தது. கீழே உன் வாத்தியார் சிவப்பு மையில் போட்ட 'நன்று' வேறு. அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "எழுத்துல இருக்குப்பா" என்றாய். வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சாட்சியத்தை எடுத்துப் போட்டு ஆளை உட்கார வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாய். உன் சீனியர் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார். உன் அப்பா மோரை ஊற்றிக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து எழுந்தார். நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு முகத்தை அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணமாக இருந்தவள் நான்தான்.

நீலவல்லி உனக்கு மறந்திருக்காது. நாம் வாங்கிய வாரப் பத்திரிகையில் நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஆரம்பித்து, பாகம் பாகமாக வருஷக்கணக்கில் வந்த கதை. பூமியை விட்டுக் கிளம்பிய ஆகாயக் கப்பல், கிரகம் கிரகமாகப் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வரவே வராது. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் நம் வீட்டில் முதலில் நான் படிப்பேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து பழனி ரோட்டில் உன் சூசை மாமாவின் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனால், அங்கே ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள். ஒரு தையற்காரர், ஒரு கம்பவுண்டர், மாமாவின் சிநேகிதர்கள் சிலர். பெண்பிள்ளை என்று நான் ஒருத்திதான். ஆனால் என்னை யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாது, ஏனென்றால் கதை மொத்தமும் பைண்டு செய்து வைத்திருந்தது நான் மட்டும்தான். எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் என் கையில் இருக்கும் பைண்டைத்தான் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அந்த அதிகாரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இன்றைக்குச் சொல்லக் கூச்சமில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவள், அந்தக் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னேன்.

எதற்கெல்லாம் சண்டை போட்டோம் என்று கேட்டால் சின்னப்பையன்கள்கூட நம்ப மாட்டார்கள். முதல் பாகத்தில் செத்துப்போன சமையற்காரன் இரண்டாம் பாகத்தில் தோசை சுடுகிறான், அது அவனா, அவன் தம்பியா. முதல் பாகத்துக்குப் படம் போட்டவர் கப்பலை மீன் மாதிரி வரைந்தார். அவருக்குப் பின் வந்தவர் இட்லிக் கொப்பரை மாதிரி வரைந்தார். நடுவில் எந்தக் கிரகத்தில் நிறுத்தி இதை மாற்றிக் கட்டினார்கள். படுக்கும் கூடத்திலிருந்து சுக்கான் அறைக்கு எட்டு வைத்து நடந்தால் நாற்பது எட்டு என்று ஒரு வாரமும், 'நெடுந்தூரம் ஓடி' என்று இன்னொரு வாரமும் வருகிறதே, எது சரி. ரஷ்யாக்காரன் வானத்தில் உருண்டையை விடுவதற்கு முன்னால் நடந்த சண்டைகள் இவை. அதனால் எங்களைத் திருத்த யாருமில்லை.

அந்தக் கூட்டத்திலேயே நல்ல வாசகர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அது வெள்ளைச்சாமிதான். சாணார்பட்டிக்காரர். கத்தரிக்காயும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்த சம்சாரி. ஞாயிற்றுக்கிழமை காயை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, ஒரு மஞ்சள் பையில் எனக்கென்று நாலு கத்தரிக்காயோடு கடைக்கு வருவார். "வெஞ்சனத்துக்கு வச்சுக்கங்க டீச்சர்" என்று பையை என் ஸ்டூலுக்குக் கீழே வைத்துவிட்டு, தரையில் சாய்ந்து உட்கார்வார். பத்திரிகை வாங்குகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஊர் சலூனில் ஒரு வாரம் தாமதமாக வருவதைப் படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வருவார். ஆனால் ஒருதரம் படித்தது அவருக்கு அப்படியே நிற்கும். நான் பைண்டைப் பிரித்துப் பக்கம் தேடுவதற்குள் அவர் வாயால் சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை அச்சில் அதுவேதான் இருக்கும்.

அவர் செய்த ஒரு காரியத்தை இன்றும் நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்த கோடையில் எங்கள் எல்லோரையும் ஊருக்கு வரச் சொன்னார். போய்ப் பார்த்தால், தன் காட்டில் சுண்ணாம்புப் பொடியால் நீலவல்லியை முழு அளவில் கோடு போட்டு வைத்திருந்தார். கதையில் வந்த ஒவ்வொரு எட்டையும் கணக்கெடுத்து, சுக்கான் அறை, படுக்கும் கூடம், அடுப்படி, பக்கவாசல் எல்லாம் கோட்டில் இருந்தன. தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் நெல் அவிக்கும் பெரிய அண்டாவைக் கொண்டுவந்து வைத்திருந்தார். நீயும் வந்தாய். சுவர்களுக்குள் புகுந்து ஓடி எல்லோரிடமும் திட்டு வாங்கினாய். "ஏலே, செவுத்துல முட்டாத, வாசல் வழியா வா" என்று அவர் உன்னிடம் நிஜமான வீட்டைப் போலவே சொன்னார். தையற்காரர் கதையில் வரும் தளபதி நாகலிங்கமாக நின்றார். நாங்கள் படுக்கும் கூடத்திலிருந்து சுக்கான் அறைக்கு நடந்தோம். சரியாக நாற்பது எட்டு.

அங்கேதான் முதல் உரசல். கப்பலின் பின்பக்கத்துக்கு வந்ததும் நான், "பின்வாசலைக் காணோமே" என்றேன்.

"பின்வாசல் கெடையாது டீச்சர். தொட்டி இருக்குல்ல. தொறந்தா அம்புட்டுத் தண்ணியும் வெளிய போயிரும்."

"ஆகாயத்தில் எடை கிடையாது. தண்ணீர் எங்கே போகும்?"

"அப்ப அஞ்சாவது வாரம் ரசம் குடிக்காங்களே, அது மட்டும் எப்படிக் கிண்ணத்துல நிக்கிது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அந்தப் பின்வாசல் வேண்டியிருந்தது, அப்பு. அந்தக் கப்பலில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒரே பெண் பொறியாளர் கமலவேணி. இரண்டு பாகம் முழுக்க அவள் ஆணிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பாகத்தில்தான், கப்பல் வயிற்றில் ஓட்டை விழுந்து ஆண்பிள்ளைகள் எல்லாம் கூடி யோசித்துக்கொண்டிருந்தபோது, யாரிடமும் கேட்காமல் பின்வாசலைத் திறந்துகொண்டு தனியாக வெளியே போய் ஓட்டையை அடைத்துவிட்டு வந்தாள். அந்த வாரத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பின்வாசல் இல்லையென்றால் கமலவேணி வெளியே போகவே இல்லை என்று ஆகிவிடும் என்று பயந்தேன். இதை அப்போது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்திருக்கும். வாசலைப் பற்றி மட்டும்தான் பேசினேன்.

அடுத்த சில மாதங்களில் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. நீலவல்லியின் உள் அமைப்பை வரைந்து அனுப்பலாம், சிறந்த வரைபடத்தை அனுப்பியவர் பெயருடன் வெளியிடுவார்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒன்றே ஒன்று போகட்டும், அது எல்லோருடையதாகவும் இருக்கட்டும் என்று முடிவானது. வெள்ளைச்சாமியின் காட்டுக் கப்பலைத்தான் காகிதத்தில் இறக்கப் போகிறோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் பின்வாசலைச் சேர்க்க வேண்டும் என்றேன். அன்றைக்கு அவர் புதிதாக ஒன்றைச் சொன்னார்.

"கதை எழுதுறவரே ஒத்துக்கிட்டாரு டீச்சர். பின்வாசல்னு வந்தது தப்புன்னு எழுதியிருந்தாரு. போன வருசம், நான் படிச்சேன்."

"எங்கே படிச்சீங்க?"

"சலூன்லதான். அதே பத்திரிகையிலதான்."

நான் மூன்றாம் பாகத்தின் பைண்டை மேஜையில் வைத்தேன். வைத்தேன் என்று எழுதுகிறேன், அடித்தேன் என்பதுதான் சரி. மேஜையில் இருந்த ரேடியோ வால்வு ஒன்று உருண்டு விழுந்தது. "இதோ, முழுசா இருக்கு. ஒரு வாரம் விடல. எடுத்துக் காட்டுங்க" என்றேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு மணி நேரம் இருக்கும். எங்கள் கூட்டம் முழுக்க அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, "இதுல இல்ல டீச்சர். ஆனா படிச்சேன்" என்றார்.

"இல்லாததைப் படிச்சேன்னு சொன்னா அதுக்குப் பேர் பொய்" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை, மூடின அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்டரன்று உன் நோட்டைப் பார்த்தபடி உன் அப்பா வைத்திருந்த முகம் அதுதான். கோபமில்லை. தன் தலைக்குள் இருந்த ஏதோ ஒன்றைக் கை விட்டுத் துழாவித் தேடுகிற முகம். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப வாரேன்" என்று எழுந்து போனார். அதன் பிறகு அவர் அந்தக் கடைக்கு வரவில்லை. ஸ்டூலுக்குக் கீழே அன்றைய கத்தரிக்காய் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்தேன், நீயும் சாப்பிட்டாய்.

பின்வாசலோடு வரைந்து அனுப்பினோம். வேறு யாரோ ஒருவருடைய படம் வெளியானது. அதில் பின்வாசல் இல்லை. "பத்திரிகைக்காரங்களே கதையை ஒழுங்கா படிக்கறதில்லை" என்று நான் சொன்னேன். கூட்டம் அதற்கும் தலையாட்டியது. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்களோடு எத்தனை ஞாயிறு பேச முடியும் சொல். மறுத்துப் பேச வெள்ளைச்சாமி இல்லாமல் அந்தக் கப்பலே எனக்குச் சலித்துப் போயிற்று. ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். நாலாம் பாகத்தை நான் பைண்டு செய்யவே இல்லை.

இனிமேல் சொல்லப் போவது உன் அடி. மறு வருஷம், உனக்குப் பன்னிரண்டு வயது. நீ அட்டையில் நீலவல்லி செய்யப் போகிறேன் என்று, நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மூன்றாம் பாகத்தின் மேலட்டையைக் கழற்றிவிட்டாய். தடித்த அட்டை வளையவில்லை என்று வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாய். நான் வந்து பார்க்கும்போது அட்டை தாள் தாளாகப் பிரிந்து வாளியில் மிதந்தது. நம் பைண்டர் வெளியில் அட்டை வாங்குகிறவர் அல்ல என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேண்டாத தாளைப் பசை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அவரே அட்டை செய்திருக்கிறார். அந்த வேண்டாத தாளைக் கொடுத்தது நான். பைண்டு செய்யக் கொடுக்கும்போதெல்லாம், "கதைப் பக்கம் மட்டும் சேருங்க, மத்த குப்பையை நீங்களே வச்சுக்குங்க" என்பேன். சமையல் குறிப்பு, ஜோசியம், சிரிப்புத் துணுக்கு, வாசகர் கடிதம் எல்லாம் எனக்குக் குப்பை. அதிலும் வாசகர் கடிதப் பக்கத்தை நான் திரும்பிப் பார்ப்பதே கிடையாது. எப்போதோ நான் எழுதிப் போட்ட ஒரு கடிதத்தை அவர்கள் போடவில்லை. அந்த ரோஷம்.

வாளியில் மேலாக மிதந்த தாளில் வாசகர் கடிதம் இருந்தது. அதன் அடியில் கட்டம் கட்டி, கதாசிரியர் எழுதிய நாலு வரி. தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் வாசல் எப்படி என்று கேட்ட வாசகருக்கு நன்றி. பின்வாசல் என்று எழுதியது என் பிழை, பக்கவாசல் என்று திருத்திப் படிக்கவும். கமலவேணி வெளியே போனதில் மாற்றமில்லை, போன வழி மட்டுமே மாறுகிறது. நின்றபடியே அதைப் படித்தேன். நான் மேஜையில் அடித்த புத்தகத்தின் அட்டைக்குள்ளேயே, அவர் விரல்பட்ட இடத்துக்கு ஒரு தாள் கனத்துக்கு அப்பால், அது இருந்திருக்கிறது. நீ, "என்னம்மா அது?" என்று எட்டிப் பார்த்தாய். உன்னை அறைந்தேன். ஒன்றல்ல, மூன்று. புத்தகத்தைக் கெடுத்ததற்காக என்று நீ நினைத்தாய், உன் அப்பாவும் நினைத்தார். அதற்காக இல்லை. அது வெளியே வந்துவிட்டதற்காக. தப்பு என்னுடையது, அடி உனக்கு விழுந்தது. இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன். வாங்கிக்கொள்.

அன்றைக்கே தாள்களைக் காய வைத்து, மைதாப் பசை காய்ச்சி, அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மறுபடியும் ஒட்டி, மேலே காலிகோத் துணி போட்டுப் பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம். சாணார்பட்டிக்கு மணிக்கொரு பஸ் இருக்கிறது. போகவில்லை. அவர் எப்போதோ மறந்திருப்பார், ஒரு கதைக்கப்பலின் வாசலைப் பிடித்துக்கொண்டா தொங்குவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் மறக்கவில்லையே, அவர் மட்டும் எப்படி மறப்பார் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் நிலாவில் மனுஷன் இறங்கினானே, அந்தச் செய்தியை மாமா கடையில்தான் எல்லோரும் நின்று கேட்டோம். மறுநாள் பேப்பரில் அந்த வண்டியின் படத்தைப் பார்த்ததும் என் கண் முதலில் போனது எங்கே என்று நினைக்கிறாய், வாசலுக்குத்தான். அதுவும் ஈஸ்டருக்குப் பிறகு உன் அப்பா இருக்கிற நிலையும் சேர்ந்து என்னை வீட்டில் உட்கார விடவில்லை. உன் கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் மூன்றாம் பாகத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் தோட்டத்தில் மோட்டார் ரூம் கட்டியிருக்கிறார். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் வாய்க்காலை விட்டு மேலே ஏறி, "வாங்க டீச்சர், வெயில்ல வந்துருக்கீங்க, செத்த நேரம் உக்காருங்க" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். பதிமூன்று வருஷத்துக்கு முந்தைய பேச்சு ஒன்றும் முகத்தில் இல்லை. நான் கல்யாணப் பத்திரிகையைக் கொடுப்பதற்கு முன்னால், வீட்டிலேயே பிரித்து வைத்திருந்த அட்டையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினேன். "நீங்க படிச்சது இதுதானான்னு பாருங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தள்ளிப் பிடித்து, உதட்டை அசைத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "இந்தா, இங்க வா. இருக்கு பாரு. நான் படிச்சது இருக்கு" என்று சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

அந்தம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தாளைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒங்க கடையில இருந்து வந்த நாள்ல இருந்து இவுக எதையும் உறுதியா சொன்னதில்ல டீச்சர். மோட்டார நிறுத்துனீகளான்னா, நிறுத்துன மாதிரிதான் இருக்கு, எதுக்கும் நீ போய்ப் பாத்துரும்பாக. என்னமோ ஆயிருச்சுன்னு கோயில் கோயிலா கூட்டிட்டுப் போனேன்."

அவர் மறுக்கவில்லை. "படிச்சேனா, கனாக் கண்டேனான்னு எனக்கே தெரியாமப் போச்சு டீச்சர். புத்தகத்துல இல்லையே. புத்தகமா பொய் சொல்லும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் கதை எதையும் படிக்கவே புடிக்கல" என்றார்.

அப்பு, அந்தக் கட்டிலில் உட்கார்ந்து நான் அழுதேன். பொய்யன் என்று சொல்லி ஒருவர் மனதைப் புண்படுத்திவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு மனுஷனிடமிருந்து அவருடைய நிச்சயத்தையே பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட ஞாபகம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைத் தட்டிக்கழிக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. "எனக்கு ஒண்ணு செய்யணும் டீச்சர். அன்னைக்குச் சிரிச்சாங்கள்ல, அவங்ககிட்டயும் இதப் படிச்சுக் காட்டுங்க" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகுதான் உன் கல்யாணப் பத்திரிகையை வாங்கி, நீ சுவரில் முட்டாமல் வளர்ந்துவிட்டாயா என்று கேட்டார். பஸ்ஸுக்கு வந்து நின்றபோது, "நெலாவுல எறங்குன வண்டியப் பாத்தீங்களா, அதுக்கும் ஏணி வச்ச ஒரே வாசல்தான்" என்றார். கையில் மஞ்சள் பை. கத்தரிக்காய்.

போன ஞாயிறு, உன் முதல் ஓலை வாசித்த பூசை முடிந்ததும் மாமா கடைக்குப் போனேன். அன்றைய கூட்டத்தில் மிஞ்சியிருக்கிறவர்கள் நாலு பேர். சொல்லி அனுப்பி வரவழைத்தேன். நின்றுகொண்டே அந்த நாலு வரியைப் படித்து, வெள்ளைச்சாமி சொன்னது நிஜம், நான்தான் பொய்யாக்கினேன் என்று சொன்னேன். கம்பவுண்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எந்தக் கப்பல் டீச்சர்?" என்று கேட்டார். சிரித்தவர்களுக்கு ஞாபகமே இல்லை. ஆனாலும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, இன்னொரு தடவை படித்தேன். அந்தப் பக்கத்தைப் பைண்டரிடம் கொடுத்து, இப்போது மூன்றாம் பாகத்துக்கு முதல் பக்கமாகத் தைத்து வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு நான் உனக்குத் தருகிற சாமான்களில் அதுவும் ஒன்று.

இதனால் நான் விவாதம் செய்வதை விட்டுவிட்டேன் என்று சந்தோஷப்படாதே. உனக்கும் விடச் சொல்லவில்லை. அது நம் இரத்தத்தில் இருக்கிறது, அதில்லாமல் வீடு உப்பில்லாமல் போய்விடும். உனக்கு வருகிற பெண்ணும் சளைத்தவள் இல்லை என்று நிச்சயதார்த்தத்தன்றே பார்த்துவிட்டேன், எனக்கு அதில் திருப்திதான். நன்றாகச் சண்டை போடுங்கள். ஆனால் அவள், "நீங்க அப்படிச் சொன்னீங்க" என்று ஒன்றைச் சொல்லும்போது, உன் கையில் அதற்கு எதிராக எழுத்தே இருந்தாலும், கொஞ்சம் பொறு. எழுத்தில் இருப்பது நாம் சேர்த்து வைத்தது மட்டும்தான். நாம் குப்பை என்று கழித்த பக்கத்தில் என்ன இருந்தது என்று நமக்கே தெரியாது. அதைவிட, வாசல் எங்கே இருந்தது என்று சாதிக்கிறவர் உண்மையில் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று கேள். என்னிடம் யாராவது கேட்டிருந்தால் கமலவேணி என்று சொல்லியிருப்பேன்.

வடமதுரையிலிருந்து நீ சைக்கிளில் வந்தாயா, பஸ்ஸில் வந்தாயா என்று எனக்கும் தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது நீ படுக்கையில் இருந்தாய், அவர் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. பஸ்ஸிலும் வேர்க்கும். பாதி வழியில் பஞ்சராகி மீதிக்குப் பஸ் ஏறினார்களோ என்னவோ. மூன்றாம் வகுப்பில் நீ எழுதியது நிஜமாகவும் இருக்கலாம், காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த பிள்ளை எதைக் கண்டான் என்றும் கேட்கலாம். நீ ஜெயித்தாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீ ஊருக்குப் போன நாளிலிருந்து உன் அப்பா எதைச் சொன்னாலும் கடைசியில், "எனக்கு அப்படித்தான் ஞாபகம், நெசமான்னு தெரியல" என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். பால்காரன் வந்துவிட்டுப் போனதைச் சொன்னாலும் அதே வார்த்தை. சாணார்பட்டி அம்மா சொன்னதைக் கேட்டு நான் அழுதது அதனாலும்தான். வெள்ளைச்சாமியிடம் பதிமூன்று வருஷம் கழித்துப் போனேன். இவருக்கு நாலு மாதம்தான் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு கடிதம் எழுது. மன்னிப்பு அது இதென்று வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். அந்தப் பயணத்தை முழுக்க எழுதி அனுப்பச் சொல்லிக் கேள். நோட்டை எடுக்காதே.

நான் முந்திக்கொண்டேன். இன்றைக்கு மத்தியானம் அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அன்னைக்குப் பிள்ளையக் கட்டிட்டு வந்தீங்களே, அது எந்தத் துண்டு?" என்று மட்டும் கேட்டேன். பம்பை வைத்துவிட்டார். பச்சைக் கரை போட்ட துண்டு. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி உன் உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தது, நீ கண்ணைத் திறந்து "இன்னும் எம்புட்டுத் தூரம்பா" என்று கேட்டது, இவர் "இந்தா வந்துருச்சு" என்று பொய் சொன்னது, மேட்டில் இறங்கி ஒரு கையால் உன்னையும் ஒரு கையால் சைக்கிளையும் பிடித்துத் தள்ளியது. அரை மணி நேரம் சொன்னார். முடிந்ததும் நான் அந்த 'நெசமான்னு தெரியல' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் பம்பை எடுத்து மறுபடியும் காற்றடிக்க ஆரம்பித்தார்.

அம்மா